மடக்குக் கட்டில் போட்ட இடம்: வார்சாவில் ஆறு நாள்

முதல் நாள், புதன்

மத்திய ரயில் நிலையத்தில் படியேறி மேலே வந்ததும் தம்பி என் பெட்டியை வாங்கிக்கொண்டான். சித்தி மகன். நான்கு வருடமாக வார்சாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். "அண்ணா, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு ரெண்டு பக்கமும் பாருங்க" என்றான்.

ஒரு பக்கம் கண்ணாடிக் கூரை அலை அலையாக நெளியும் மால். பெயர் 'ஸ்வோத்தே தராசி', தங்க மாடிகள் என்று அர்த்தம். 2007-ல் திறந்தது. மறுபக்கம் பண்பாடு, அறிவியல் மாளிகை. ஸ்டாலின் காலத்தில் சோவியத் யூனியன் போலந்துக்குக் கொடுத்த அன்பளிப்பு. 1952-ல் தொடங்கி 1955-ல் கட்டி முடித்தார்கள். உச்சிமுனை வரை 237 மீட்டர். தலையை நன்றாக அண்ணாந்தால்தான் முனை தெரிகிறது. அதன் முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு அணிவகுப்புச் சதுக்கம் என்று பெயர். மே தின ஊர்வலத்தைக் கட்சித் தலைவர்கள் நின்று பார்த்த கல்மேடை இன்றும் அங்கே இருக்கிறது. இரண்டு இளைஞர்கள் அதன் மேல் உட்கார்ந்து பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாலுக்குள் ஒரு சுற்று வந்தோம். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற அதே கடைகள்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெளியே வந்து சதுக்கத்தைக் கடந்தபோதுதான் என் கண் ஒரு இடத்தில் நின்றது. மாளிகையை அடுத்து, மார்ஷவ்கொவ்ஸ்கா தெருவை ஒட்டி, வெள்ளை வெளேரென்று நீளமாக ஒரு கட்டடம். நவீன ஓவிய அருங்காட்சியகமாம், 2024 அக்டோபரில் திறந்தார்களாம். முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை.

இரவு அவன் தங்கியிருக்கும் வீட்டில் பதில் கிடைத்தது. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா தன் மூன்று அறை வீட்டில் ஓர் அறையைத் தம்பிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். தம்பி அவரை 'பானி' என்று மரியாதையாக அழைக்கிறான். நானும் அப்படியே அழைக்க ஆரம்பித்துவிட்டேன். பீட்ரூட் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியபடியே நான் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். தம்பி மொழிபெயர்த்தான்: "அந்த இடத்துலதான் அவங்க கட்டில் போட்டாங்களாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வெள்ளிக்கிழமை சொல்றேன், அன்னைக்கு எனக்கு வேலை இல்லை" என்றார் பானி.

இரண்டாம் நாள், வியாழன்

கம்யூனிஸ்ட் கால அன்றாட வாழ்க்கைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அரசியலமைப்புச் சதுக்கத்துக்குப் பக்கத்தில். பெரிய இடம் இல்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் போதவில்லை.

நான் அதிக நேரம் நின்றது ஒரு துண்டு அட்டை முன்னால். மாமிச ரேஷன் அட்டை. உள்ளங்கை அளவு காகிதம்; அதில் சின்னச் சின்னக் கட்டங்கள்; ஒவ்வொரு கட்டத்திலும் கிராம் கணக்கு. மாமிசம் வாங்கும்போது கடைக்காரர் கத்தரிக்கோலால் அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்துக்கொள்வார். கண்ணாடிக்குள் இருந்த அட்டையில் இரண்டு கட்டங்களைக் காணோம். யாரோ ஒருவர் வீட்டில் அந்த இரண்டு கட்டங்களும் குழம்பாகியிருக்கும். மூன்றாவது கட்டத்துக்கு மாமிசம் கிடைத்ததா இல்லையா என்று தெரியவில்லை.

போலந்தில் முதலில் ரேஷனுக்கு வந்தது சர்க்கரை, 1976-ல். 1981 ஏப்ரலில் மாமிசம். அப்புறம் வெண்ணெய், மாவு, அரிசி, சோப்பு, சிகரெட், வோட்கா, குழந்தைகளுக்கு சாக்லேட் என்று பட்டியல் நீண்டது. சாதாரணமாக ஒரு பெரிய ஆளுக்கு மாதம் இரண்டரை கிலோ மாமிசம். மாமிச அட்டை ஒழிந்தது 1989-ல்தான்.

அட்டை இருந்தால் மட்டும் பொருள் கிடைத்துவிடாது, வரிசையில் நிற்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரமோ சோபாவோ வேண்டுமென்றால் வாரக்கணக்கில் வரிசை. நிற்பவர்களே கமிட்டி அமைத்து, நோட்டில் பெயர் எழுதி, நாளில் இத்தனை முறை என்று பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்காக நிற்கும் ஆட்களும் இருந்தார்கள், பெரும்பாலும் பென்ஷன் வாங்கும் முதியவர்கள்.

மாலையில் பானியிடம் இதைப் பற்றிப் பேசியபோது அந்தக் காலத்துச் சொற்கள் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார். கடைக்குச் சரக்கு வந்தால் 'ஷுட்சிலி' என்பார்களாம். நேர் அர்த்தம் 'எறிந்தார்கள்'. எந்தக் கடையில் என்ன எறிந்தார்கள் என்பதுதான் அன்றைய செய்தி. அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. "ரேஷன்ல மண்ணெண்ணெய் போடுறாங்களாம்" என்று ஒரு குரல் கேட்டால் போதும், அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அங்கே எறிந்தார்கள், இங்கே போட்டார்கள். தம்பிக்கு இந்த ஞாபகம் கிடையாது, அவன் பிறந்ததே கேஸ் அடுப்புக்கு அப்புறம்தான்.

இன்னொன்றும் சொன்னார். அந்நாளில் யாரும் 'வாங்கினேன்' என்று சொல்ல மாட்டார்களாம். 'கிடைத்தது' என்பார்கள், இல்லையென்றால் 'ஏற்பாடு பண்ணினேன்' என்பார்கள். காசு ஒரு பொருட்டே இல்லை. கடைக்காரப் பெண்ணைத் தெரியுமா, மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவாளா என்பதுதான் கேள்வி. பழைய பேப்பரை எடைக்குப் போட்டால் டாய்லெட் பேப்பர் தருவார்கள். அந்தச் சுருள்களைக் கயிற்றில் கோத்து மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜனங்கள் தெருவில் நடந்து வருவார்கள். அருங்காட்சியகத்தில் பார்த்த புகைப்படம் ஒன்றில் ஒரு நடுத்தர வயதுக்காரர் அப்படி நடந்து வருகிறார். கோட்டும் தொப்பியும் போட்டிருக்கிறார். முகத்தில் வெற்றிக்களை.

டாலர் வைத்திருந்தவர்களுக்கு 'பெவெக்ஸ்' என்ற தனிக் கடைகள். காபி, ஜீன்ஸ், வெளிநாட்டு சாக்லேட், பொம்மை எல்லாம் அங்கே கிடைக்கும், உள்ளூர்ப் பணம் மட்டும் செல்லாது. பானியின் ஹாலில் சுவரை அடைத்து நிற்கும் அலமாரியில் ஒரு காலி காபி டப்பா இருக்கிறது. சிவப்பு வர்ணம் விளிம்பில் உதிர்ந்திருக்கிறது. உள்ளே சட்டை பட்டன்கள். காபி தீர்ந்து நாற்பது வருடம் ஆகிவிட்டதாம். மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். துருவின் வாசனைதான் எனக்கு வந்தது. அவருக்கு வேறு வாசனை வந்திருக்க வேண்டும், மூடியை மெதுவாகத்தான் மூடினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பானியின் பேத்தி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'கொலேய்கா', அதாவது வரிசை. பலகை விளையாட்டு. போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் 2011-ல் வெளியிட்டது. கையில் ஒரு சாமான் பட்டியல் இருக்கும். நம் காய்களைக் கடைகளின் முன் வரிசையில் நிறுத்த வேண்டும். எந்தக் கடைக்குச் சரக்கு வரும் என்பது தெரியாது. கையில் குழந்தையோடு வரும் தாய் என்று ஒரு சீட்டு உண்டு. அதைப் போட்டால் நம் காய் வரிசையின் முன்னால் போய்விடும். அது எனக்கு வந்தபோது பானி கையைத் தட்டினார். அவர் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரிகள் அவனை இரவல் வாங்கிக்கொண்டு போவார்களாம். ஒரே நாளில் மூன்று வரிசைக்குப் போய் வந்திருக்கிறான். பேத்தி கேட்டாள், "அப்பாவையா?"

மூன்றாம் நாள், வெள்ளி

மதியம் 'பார் ம்லெச்னி'யில் சாப்பாடு. பால் விடுதி என்று பெயரே தவிர பால் மட்டும் விற்கும் இடமல்ல. பால், முட்டை, மாவுப் பலகாரம், சூப் எல்லாம் மலிவாகக் கிடைக்கும் சாப்பாட்டுக் கடை. கம்யூனிஸ்ட் ஆட்சிக்கும் முந்தையது இந்த வழக்கம், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வார்சாவில் தொடங்கியது. இன்றும் அரசு மானியம் உண்டு. நாங்கள் போனது மார்ஷவ்கொவ்ஸ்கா தெருவில் 'பிரசோவி'. முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டை ஜன்னலில் கொடுத்தால் தட்டு வரும். சாப்பிட்டதும் தட்டை நாமே வேறொரு ஜன்னலில் வைக்க வேண்டும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியரோகி, நம் கொழுக்கட்டையின் தம்பி மாதிரி. மேலே வதக்கிய வெங்காயம். பழம் கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு டம்ளர். என் எதிரே கோட் சூட்டில் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் கல்லூரி மாணவி, அதற்கடுத்து கைத்தடி வைத்த ஒரு முதியவர். மூவரும் ஒரே மேஜை.

2011 கடைசியில் இந்தக் கடையை மூடினார்கள். இளைஞர்கள் உள்ளே புகுந்து, தாங்களே சமைத்துப் பரிமாறிப் போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். அப்புறம் 2013-ல் மீண்டும் திறந்தது. மால் நிறைந்த ஊரில் ஒரு கொழுக்கட்டைக் கடைக்காக இப்படிப் போராடியிருக்கிறார்களே என்று நினைத்தபோது, தட்டைத் திருப்பி வைக்கும்போது ஜன்னலுக்குள் இருந்த அம்மாவுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. சொன்னேன். போலிஷில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது.

பானி மூன்று மணிக்கு வந்தார். நேரே என்னை அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்கதான்" என்றார்.

1988 கடைசியில் வந்த ஒரு சட்டம், யார் வேண்டுமானாலும் தொழில் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. தொழில்துறை அமைச்சர் வில்செக்கின் பெயராலேயே அதை இன்றும் சொல்கிறார்கள். பானி அப்போது ஒரு அரசு வரைபட அலுவலகத்தில் எழுத்தர். மேற்கு பெர்லினுக்குள் போலந்துக்காரர்கள் விசா இல்லாமல் போக முடிந்த காலம். 1989-ல் அங்கே திறந்தவெளியில் 'போலந்துச் சந்தை' ஒன்றே உருவாகிவிட்டது. பானி வெண்ணெயும் சாசேஜும் கண்ணாடிக் கிண்ணங்களும் பையில் அடைத்துக்கொண்டு இரவு ரயிலில் போவார். விற்ற காசில் காபியும் பெண்கள் போடும் நைலான் காலுறையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். வார்சாவில் அதை விற்க ஒரு மேஜை வேண்டுமே. முகாம்களில் போடும் மடக்குக் கட்டிலை விரித்தால் மேஜை. போலீஸ் வந்தால் மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். மாளிகையைச் சுற்றி அன்று அப்படி நூற்றுக்கணக்கான கட்டில்கள்.

1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் பால்செரோவிச்சின் திட்டம் அமலுக்கு வந்தது. விலைக் கட்டுப்பாடு போயிற்று. அந்த ஒரே மாதத்தில் விலைவாசி ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியது. பானியின் சம்பளம் ஏறவில்லை. சில மாதத்தில் அலுவலகமே மூடியது. ஆனால் வினிகர் பாட்டில் மட்டும் நின்ற கடை அலமாரிகள் நிறைய ஆரம்பித்தன. நிறைத்தது யார்? "நாங்கதான்" என்றார் பானி. எனக்கு அது மிகையாகப் படவில்லை.

கட்டிலுக்கு அடுத்த கட்டம் 'ஷ்சென்கி', தாடைகள். தகரப் பெட்டிக்கடை, காலையில் வாயைத் திறந்து, இரவில் மூடிப் பூட்டு போடலாம். அதற்கடுத்து 2001-ல் இதே இடத்தில் வியாபாரிகளுக்காக ஒரு பெரிய தகரக் கொட்டகை வந்தது. பானியும் அதில் ஒரு சின்னக் கடை எடுத்தார். எட்டு வருடம். பிறகு மெட்ரோவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடம் வேண்டும் என்று நகராட்சி காலி பண்ணச் சொன்னது. வியாபாரிகள் உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2009 ஜூலையில் கோர்ட் அமீனா தனியார் காவலர்களோடு வந்தார். கண்ணீர்ப் புகை, கைகலப்பு. பானி அன்று உள்ளே இல்லை, மகன் விடவில்லை. டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சட்டத்தின்படி குத்தகை முடிந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. அருங்காட்சியகமும் ஊருக்கு வேண்டியதுதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊருக்குச் சந்தைப் பொருளாதாரத்தைத் தோளில் சுமந்து கொண்டுவந்தவர்கள் இவர்கள். அவர்கள் நின்ற இடத்தில் அவர்களுக்கென்று ஒரு கல்வெட்டாவது இருக்குமா என்று கட்டடத்தின் முன்பக்கமெல்லாம் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் ஜெரூசலேம் நிழற்சாலை சந்திப்பில் ஒரு பேரீச்ச மரம். செயற்கை மரம், 2002-ல் யோவான்னா ரைகோவ்ஸ்கா என்ற கலைஞர் நட்டது. வார்சாக் குளிரில் அதைப் பார்க்கவே மனதுக்குச் சூடாக இருந்தது. அதன் எதிரில் இருக்கும் பெரிய வெள்ளைக் கட்டடம் ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகம். 1991 ஏப்ரலில் வார்சா பங்குச்சந்தை அதே கட்டடத்தில்தான் ஐந்து கம்பெனிகளோடு தொடங்கியது. பங்குச்சந்தைக்கு அந்தக் கட்டடம் கிடைத்தது. கட்டில்காரர்களுக்குக் கிடைத்தது திறந்தவெளி.

நான்காம் நாள், சனி

ஆற்றைக் கடந்து, வார்சாவின் மறுகரையில் இருக்கும் பிராகா பகுதிக்குப் போனோம். பானி வரவில்லை, முட்டி வலி.

2012 யூரோ கால்பந்துப் போட்டிக்காகக் கட்டிய தேசிய மைதானம் சிவப்பும் வெள்ளையுமாக, பின்னிய கூடை போல நிற்கிறது. அதே இடத்தில் முன்பு இருந்தது 'பத்தாண்டு மைதானம்'. போரில் இடிந்த வார்சாவின் இடிபாடுகளைக் கொட்டிக் கரை எழுப்பி 1955-ல் திறந்தார்கள். பின்னாளில் அது பாழடைந்தபோது 1989-லிருந்து சந்தையாக மாறியது. ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தை என்று பேர் வாங்கியது. ரஷ்யர்கள், உக்ரைன்காரர்கள், ஆப்பிரிக்கர்கள், எல்லோருக்கும் மேலாக வியட்நாம்காரர்கள்.

வியட்நாம்காரர்கள் இங்கே வந்த கதை கம்யூனிஸ்ட் நாடுகளின் தோழமையில் தொடங்குகிறது. முதலில் மாணவர்களாக வந்தார்கள். ஆட்சி மாறியபின் அவர்களில் பலர் வியாபாரத்தில் இறங்கினார்கள், உறவினர்களும் வந்து சேர்ந்தார்கள். மைதானத்தை இடித்தபோது அவர்களில் பலர் நகரின் வடக்கே 'மரிவில்ஸ்கா 44' வணிக வளாகத்துக்கும், தெற்கே வூல்கா கொசோவ்ஸ்கா மொத்தச் சந்தைக்கும் போனார்கள். 2024 மே 12 விடிகாலையில் மரிவில்ஸ்கா வளாகம் தீப்பிடித்து அடியோடு எரிந்தது. சுமார் 1,400 கடைகள். ரஷ்ய உளவுத்துறை ஏவிவிட்ட நாசவேலை அது என்று மறு ஆண்டு போலந்து அரசு அறிவித்தது. விடிந்து கடை திறக்க வந்தவர்கள் பார்த்தது புகையைத்தான். சரக்கோடு ரொக்கத்தையும் காகிதங்களையும் கடையிலேயே வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

மதியம் ஒரு சின்ன வியட்நாம் கடையில் சூப் குடித்தோம். கொத்தமல்லித் தழை மிதக்கப் புகையும் கிண்ணம். கடைக்காரர் எங்களோடு போலிஷில் பேசினார், அடுப்படியில் இருந்த மனைவியோடு வியட்நாமிய மொழியில். கணக்கு வழக்கை எழுதிக்கொண்டிருந்த மகள் இரண்டு பேருக்கும் போலிஷிலேயே பதில் சொன்னாள். தீ விபத்தைப் பற்றிக் கேட்கலாமா என்று தம்பி என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

பிறகு ரூஷிட்ஸ்கி பஜார். நூறு வருடம் தாண்டிய சந்தை. ரேஷன் காலத்திலும் காசிருந்தால் எதுவும் கிடைக்கும் என்று பேர் வாங்கிய இடம். இப்போது பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாண கவுன் விற்கும் கடைகள் சில திறந்திருந்தன. ஒரு கண்ணாடி ஜன்னலுக்குள் வரிசையாக ஏழு வெள்ளை கவுன்கள், எல்லாவற்றிலும் விலைச்சீட்டு கையெழுத்தில்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

எல்லாம் பூட்டு. 2018-லிருந்து படிப்படியாகக் கொண்டுவந்த சட்டம். வருடத்தில் சில ஞாயிறுகள் தவிர மற்ற ஞாயிறுகளில் பெரிய கடைகள் திறக்கக் கூடாது. உரிமையாளரே கல்லாவில் நின்றால் சின்னக் கடையைத் திறக்கலாம். தொழிற்சங்கம் கேட்டது, தேவாலயமும் ஆதரித்தது. பிடிக்காதவர்களும் நிறையப் பேர்.

எனக்குப் பிடித்தது. வசென்கி பூங்கா முழுக்கக் குடும்பங்கள். குழந்தைகள் விழுந்து கிடந்த செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் நிரப்பிக்கொண்டிருந்தன. பல்பொருள் அங்காடியில் காசாளராக இருக்கும் பானியின் மருமகளும் எங்களோடு நடந்தாள். ஞாயிறு விடுமுறை வந்தபின்தான் மகளோடு பூங்காவுக்கு வர முடிகிறது என்றாள். அவள் சொன்னதற்கு மேல் அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறாம் நாள், திங்கள்

மாலையில் விமானம். காலையில் பானியோடு மிரோவ்ஸ்கா சந்தைக்குப் போனேன். செங்கல்லில் கட்டிய பழைய சந்தைக் கட்டடம். உள்ளே பளபளப்பான கடைகள். வெளியே நடைபாதையில் காய்கறி, பூ, காளான்.

பானி ஊறுகாய்க்குச் சின்ன வெள்ளரிக்காய் தேடினார். பருவம் முடிந்துவிட்டது, விலை கூட. மூன்று கடையில் கேட்டு நான்காவதில் வாங்கினார். ஒவ்வொரு காயையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நாலைந்தைத் திருப்பி வைத்தார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பானி பேரம் பேசவில்லை, ஆனால் எடைத்தராசின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கட்டடத்தின் ஓரத்தில், வரிசையின் கடைசியில், ஒரு மூதாட்டி கவிழ்த்த பழப்பெட்டியில் தினசரிப் பேப்பரை விரித்து நாலு கட்டு சோயாக்கீரையும் (சதகுப்பை) ஒரு கிண்ணம் காட்டுக் காளானும் வைத்து உட்கார்ந்திருந்தார். பானியின் பையில் ஏற்கெனவே சோயாக்கீரை இருந்தது, சற்று முன்தான் நான் அதை எடுத்து உள்ளே வைத்தேன். பானி நின்றார். ஒரு கட்டு என்ன விலை என்று கேட்டார். நாலு கட்டையும் கொடுங்கள் என்றார். சில்லறையை எண்ணி உள்ளங்கையில் வைத்தார். இரண்டு பேரும் குளிரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள். தம்பி அலுவலகம் போயிருந்ததால் மொழிபெயர்க்க ஆளில்லை.

டிராமில் சோயாக்கீரையின் வாசனை எங்கள் பெஞ்ச் முழுக்க இருந்தது. பானி இரண்டு கட்டை எடுத்து என் கைப்பையில் வைத்துவிட்டார். விமானத்தில் கொண்டுபோக விடுவார்களோ என்னவோ, நான் எடுத்துக்கொண்டேன்.